இன்னொரு பார்ட்டி கேக்குறாங்க

‘இன்னொரு பார்ட்டி’ என்று ஒருவர் இருக்கிறார். அவரை நீங்கள் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் மனை வாங்கப் போனால் அன்று காலையில்தான் அவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார். பழைய வண்டிக்கு விலை பேசினால் அட்வான்ஸோடு பஸ் ஏறிவிட்டிருப்பார். பெண் பார்க்கப் போனால் அவர் மகனுக்கும் ஜாதகம் பொருந்தியிருக்கும். இந்த ஓய்வில்லாத மனிதரைப் பெற்று, வளர்த்து, வேண்டும்போது வேலைக்கு அனுப்புகிற ஓர் இனம் உண்டல்லவா? இது அந்த இனத்தைப் பற்றியது.

எனக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம், திருக்கோகர்ணத்தில் சிமெண்டுக் கடை வைத்திருக்கும் கண்ணுசாமி. கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுக்கிற முதல் ஆள் அவர்தான். ஆனால் விற்பதற்கு ஒரு பொருள் கையில் வந்துவிட்டால் போதும், அவருக்குள் நாலு பேர் குடி வந்துவிடுவார்கள்.

வீட்டுக்குப் பின்னால் அவர் ஆடு வளர்க்கிறார். விற்பது வாட்ஸ்அப்பில். ‘புதுகை கிடா ஏலம்’ என்று ஒரு குழு. ஆவுடையார்கோவில் ஆத்மநாதன் அதற்கு அட்மின். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கிடாவின் போட்டோ வரும், எட்டு மணிக்கு யார் தொகை மேலே நிற்கிறதோ அவருக்குக் கிடா. பிறகு மூன்று நாளுக்குள், விற்றவர் வாங்கியவர் கையில் கயிற்றைக் கொடுக்கிற போட்டோவைக் குழுவில் போட வேண்டும். கயிறு மாறினால்தான் ஏலம் முடிந்ததாகக் கணக்கு. போடாதவரை ஆத்மநாதன் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெளியே தள்ளிவிடுவார்.

கண்ணுசாமியின் கிடாவுக்கு மட்டும் எப்போதும் போட்டி பலமாக இருக்கும். ‘மேகலை ஃபார்ம்ஸ்’ கேட்கும். அது அவர் மனைவி மணிமேகலையின் போன். ‘சிங்கப்பூர் தமிழன்’ கேட்பார். அது கடை மேஜைக்குள் கிடக்கும் பழைய போன், சிங்கப்பூரைப் படத்தில் பார்த்ததோடு சரி. ‘கிடா பிரியன்’ என்று மூன்றாவதாக ஒருவர் கேட்பார். அவரைப் பிறகு சொல்கிறேன். மூவருக்கும் தனித்தனி குணம் கொடுத்திருந்தார் கண்ணுசாமி. ஒருவர் ‘வணக்கம் உறவுகளே’ என்று தொடங்குவார், ஒருவர் வெறும் தொகையை வீசுவார், ஒருவர் கோபக்காரர். ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். மற்றவர்கள் எல்லாம் பதினைந்தாயிரம், பதினைந்தாயிரத்து ஐந்நூறு என்று கேட்க, இவருடைய மூன்று பேரும் மொய் எழுதிய பழக்கத்தில் கடைசியில் ஒரு ரூபாய் சேர்த்தே கேட்பார்கள்.

ஆத்மநாதன் ஒரு தடவை குழுவில் கேட்டே விட்டார். “ஒத்த ரூவா வச்சுக் கேக்குறவுக எல்லாம் ஒரே ஊரா?”

“நல்ல காரியத்துக்கு ஒத்தப்படையாத்தானே கேக்கணும்” என்று பதில் போட்டார் சிங்கப்பூர் தமிழன்.

நான் ஒரு நாள் கண்ணுசாமியிடம் சொல்லிப் பார்த்தேன். “இது தப்பில்லையா?”

“என்ன மாப்ள தப்பு? கோயில் ஏலத்துல எலுமிச்சம்பழத்த நம்ம ஏத்திவிடலையா? ஆயிரத்துக்குப் போற பழத்த அஞ்சாயிரத்துக்கு ஏத்தி விட்டவன் நானு.”

உண்மைதான். ஆனால் அங்கே ஏற்றிவிட்டவர் தலையிலேயே பழம் விழுந்தால் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டு போவார், போகிற பணமும் சாமிக்கு. இங்கே சாமியும் இவரே, பூசாரியும் இவரே, ஏலம் கேட்கும் கூட்டமும் இவரே. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் வாங்கித்தந்த டீ கையில் இருந்தது.

போன மாதம் ஒரு கருங்கிடா வந்தது. உச்சி முதல் குளம்பு வரை ஒரு வெள்ளை முடி கிடையாது. நியாயமாகப் பதினாலாயிரம் போகும். அதைப் பிடித்துக்கொண்டவர் செவந்தி என்ற பெண். கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரிக்கொல்லையில் வேலை பார்க்கிறவர். மகள் ஹரிணி காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் காது குத்தி, மறு இல்லாத கருங்கிடா வெட்டுகிறேன் என்று குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாராம். அடுத்த ஞாயிறு காதுகுத்து. பத்திரிகை அடித்தாயிற்று, கிடாதான் இன்னும் அமையவில்லை.

அவர் பதினாலாயிரம் என்றார். மேகலை ஃபார்ம்ஸ் பதினாலாயிரத்து ஐந்நூற்று ஒன்று என்றது. அவர் பதினைந்து என்றார். சிங்கப்பூர் பதினாறாயிரத்து ஒன்று என்றது. பிறகு செவந்தி பதினாறாயிரத்து ஐந்நூறு போட்டு, கூடவே ஒரு வாய்ஸும் போட்டார்.

“கேக்குறவுக யாரு எவருன்னு தெரியலைங்க. எம்புள்ளைக்குக் காதுகுத்துங்க. என்னால இதுக்கு மேல முடியாது. இந்த ஒரு கிடாவ மட்டும் எனக்கு விட்டுக் குடுங்க சாமி.”

யாரிடம் கெஞ்சுகிறார்? இல்லாத மனிதரிடம். கடையில் அந்தக் குரல் கேட்டு முடிந்ததும் எனக்கு என்னவோ போல இருந்தது. “விட்டுருவோம்யா” என்றேன்.

“சும்மா இரு மாப்ள. இதுக்கு மேல முடியாதுன்னு சொல்றவுக கண்டிப்பா இன்னும் ஒரு ஏத்து ஏறுவாக” என்றார் கண்ணுசாமி. மணி ஏழு ஐம்பத்தைந்து. கிடா பிரியன் பதினேழாயிரத்து ஒன்று என்றார்.

செவந்தி ஏறவில்லை. எட்டு அடித்தது. ‘முடிஞ்சது. கிடா பிரியனுக்கு வாழ்த்துகள்’ என்று ஆத்மநாதன் கும்பிடு போட்டார்.

இப்போது சொல்லிவிடுகிறேன். கிடா பிரியன் நான்தான். என் போன், என் விரல். ஒரு டீக்கும் இரண்டு வடைக்கும் ஆறு மாதமாக நான் கிடா பிரியனாக இருந்தேன். இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு விவரமாக வேறு எப்படி எழுத முடியும்?

மறுநாள் சாயங்காலம் கண்ணுசாமி செவந்திக்கு போன் போட்டார். “தங்கச்சி, அந்தப் பார்ட்டிக்கு வேற கிடா அமைஞ்சிருச்சாம். நீங்க சொன்ன ரேட்டுக்கே எடுத்துக்கங்க.”

“இல்லண்ணே, காலையிலயே சந்தையில ஒண்ணு பிடிச்சுட்டேன். சின்னதுதான், ஆனா முழுக் கருப்பு. அந்தப் பார்ட்டி வீட்லயும் ஏதும் வேண்டுதல் இருந்திருக்கும், நாந்தான் அவசரப்பட்டு கெஞ்சிட்டேன். தப்பா எடுத்துக்க வேணாம்னு சொல்லுங்க.”

கண்ணுசாமி போனை வைத்துவிட்டு, காலையில் எண்ணிய சிமெண்டு மூட்டைகளை மறுபடி எண்ணத் தொடங்கினார்.

அதற்குள் ஆத்மநாதன் கயிறு போட்டோ எங்கே என்று கேட்டுவிட்டார். வேறு வழி? புதன்கிழமை காலை கண்ணுசாமி கயிற்றை நீட்ட, நான் வாங்க, மணிமேகலை சிரிப்பை அடக்கிக்கொண்டு படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் கிடா என் கையை உதறிக்கொண்டு தன் பட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

வேறு கிடா அமைந்துவிட்டதாகச் சொன்ன பார்ட்டி இந்தக் கிடாவோடு நிற்கிற போட்டோவைச் செவந்தியும் பார்த்தார். அன்று மாலையே என் போனுக்கு வாய்ஸ் வந்தது. “அண்ணே, நல்ல கிடா ஒங்களுக்கு அமைஞ்சது சந்தோசம். ஞாயித்துக்கெழம எம்மகளுக்குக் காதுகுத்து. அவசியம் வந்து சாப்பிட்டுப் போகணும்.”

போகாமல் இருந்திருக்கலாம். கண்ணுசாமி வரவில்லை, அன்று பார்த்து அவருக்குக் கடையில் லோடு இறங்கியது. நான் போனேன். பந்தலில் பாதி நாற்காலிகள் மடித்தே கிடந்தன. தோடு மினுங்க, அழுது முடித்த முகத்தோடு ஹரிணி ஓடிக்கொண்டிருந்தாள். இலை போட்டதும் செவந்தியே கறிவாளியோடு வந்தார்.

“சின்னக் கிடாண்ணே. அதான் சனத்தக் கொறச்சுக் கூப்பிட்டோம். எங்க சித்தி வீட்டுக்குக்கூடச் சொல்லல. நீங்க நல்லாச் சாப்பிடுங்க” என்று இன்னொரு கரண்டி போட்டார்.

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. வெட்கத்தோடு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அன்று இரவே குழுவை விட்டு வெளியே வந்தேன். கண்ணுசாமி அடுத்த ஏலத்துக்குக் கிடா எதுவும் போடவில்லை. அந்தக் கருங்கிடா இன்னும் அவர் பட்டியில்தான் தின்று கொழுக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ‘நான் கிடா விற்பவன் அல்ல’ என்கிறீர்கள். சரி, மச்சான் கடைக்கு, அங்கே ஒரு டீகூடக் குடிக்காமல், ஐந்து நட்சத்திரம் போட்டது யார்? வீட்டை வாடகைக்கு விடும்போதும், மகளுக்கு வரன் பேசும்போதும், “இன்னொரு பார்ட்டி கேக்குறாங்க” என்று உங்கள் நாக்கு நுனி வரைக்கும் வராமலா போகும்? வந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் எதிரில் இருப்பவர் நல்ல மனசோடு அந்தப் பார்ட்டியையும் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டால் யாரை அனுப்புவது என்று மட்டும் முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். என்னைக் கேட்காதீர்கள். நான் ஒரு தடவை சாப்பிட்டுவிட்டேன்.