வியன்னாவுக்குப் போன சப்பாத்துகள்

பனியில் சறுக்கப் போகிறவனுக்குத் துணிச்சல் வேண்டும், பலகை வேண்டும் என்பார்கள். அதெல்லாம் பிறகு. முதலில் காலில் சப்பாத்து வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ரயில் பயணம் தேவைப்பட்டது.

என் மகள் அபி, யோனாஸ் என்ற ஜெர்மன் பெடியனைக் கலியாணம் கட்டப் போவதாகச் சொன்னாள். நல்ல பெடியன். இரண்டு குடும்பமும் பழகட்டும் என்று அவனுடைய அப்பா டீட்டரும் அம்மா உர்சுலாவும் எங்களையும் மலைக்குச் சறுக்க அழைத்தார்கள். ஹம் ஸ்டேசனில் இரவு ஏறினால் விடிய, தெற்கே பயர்ன் மாநிலத்து மலையடியில் இறங்கலாம். புறப்பட முன் அபி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அப்பா, அங்க ஒண்டும் செய்யாதேங்கோ. சும்மா இருந்தாக் காணும்."

ஓம் என்றேன். (என் முதலாளியைக் கேளுங்கள், சும்மா இருப்பதில் நான் கெட்டிக்காரன்.)

ரயிலில் ஆறு பேருக்கும் ஒரே அறை. இருபக்கமும் மூன்றடுக்குப் படுக்கை. என் மனிசி இடியப்பமும் சம்பலும் கட்லட்டும் பரப்பினாள். டீட்டர் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டார். அப்போதுதான் கண்டேன், கட்லட்டுக்குப் பக்கத்திலேயே அவருடைய மலைச் சப்பாத்து. சாப்பிடுகிற, படுக்கிற இடத்தில் சப்பாத்தா? வீட்டில் ஹீட்டர் திருத்த வருகிறவரையே வாசலில் கழற்ற வைக்கிறவன் நான்.

எல்லோரும் படுத்ததும் ஆறு சோடியையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். நடைவழியில் வைக்கக்கூடாது என்றார் ரயில் அலுவலர். நியாயம்தான். அடுத்த பெட்டியில் பயணப்பை வைக்கும் தட்டு ஒன்று வெறுமையாக இருந்தது. அதில் சோடி சோடியாக அடுக்கினேன். மரியாதைக்காகச் சம்பந்தியின் சப்பாத்தை நடுவில் வைத்தேன்.

வழியில் ரயில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி வியன்னாவுக்குப் போகும் என்று ஒலிபெருக்கியில் சொன்னது எனக்கும் கேட்டதுதான். நாங்கள் சரியான பெட்டியில்தான் இருக்கிறோமா என்று அலுவலரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்தினேன். சப்பாத்துகளுக்காக ஒருமுறைகூடக் கேட்கவில்லை. (மூளையையும் அதே தட்டில் வைத்துவிட்டேன் போல.)

விடிந்தது. ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி. சப்பாத்தை எடுக்கப் போனேன். அடுத்த பெட்டி இருந்த இடத்தில் வெறும் தண்டவாளம் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து மனிசியின் காதில் சொன்னேன். அவள் நெஞ்சில் கை வைத்தாள். அதை அபி பார்த்துவிட்டாள்.

"எங்கையப்பா சப்பாத்து?"

"வியன்னாவுக்குப் போட்டுது."

"ஆற்றை சப்பாத்து?"

"எல்லாற்றையும்தான் பிள்ளை."

முகத்தைப் பொத்திக்கொண்டாள். "இனி இவையின்ரை முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

பிறகு ஜெர்மனில் அவர்களுக்கு விளங்கப்படுத்தினாள். உர்சுலா தன் கால்விரல்களைப் பார்த்தார். டீட்டர் ஒன்றும் பேசவில்லை. கத்தியிருந்தாலாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சின்ன ஊரில் ஒரு சப்பாத்துக் கடையும் திறக்கவில்லை. சறுக்குகிற சப்பாத்தை வாடகைக்குக் கொடுக்கும் கடை மலைக்கு மேலே இருந்தது. அங்கே ஏறுவதற்கும் சப்பாத்து வேண்டும். சம்பந்தி காலுறையோடு பனியில் இறங்கி, செத்த வீட்டுக்குப் போகிறவர் மாதிரி டாக்சிக்கு நடந்தார். பின்னால் ஊர்வலமாக நாங்கள்.

விடுதியில் ஈரக் காலுறைகள் ஹீட்டரில் காய்ந்தன. ஊரார் சறுக்குவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். அபி என் பக்கம் திரும்பவே இல்லை. கலியாணமும் வியன்னாவுக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

பின்னேரம்தான் டீட்டர் வாய் திறந்தார். கலியாணம் நடக்கப்போகும் கோயிலிலும் சப்பாத்தை வெளியே கழற்ற வேண்டுமா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

"அப்ப எனக்கு ஒரு பூட்டு வேணும்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

முதலில் சிரித்தது அபிதான். சிரித்து முடிய அழுதாள்.

கலியாணத்தன்று கோயில் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே, டீட்டரின் கறுப்புச் சப்பாத்து மட்டும் சைக்கிள் பூட்டால் கம்பியோடு பிணைக்கப்பட்டிருந்தது. இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால், இந்த வீடு இரவில் எங்கேயாவது பிரியுமா என்று கேட்டுவிட்டுத்தான் வாசலில் கழற்றுவார். அபி அதை எனக்கு ஒவ்வொரு முறையும் நிறுத்தி நிதானமாகத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்வாள். எனக்கு ஜெர்மன் தெரியும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.