ஏரியல்காரரும் ஏழு மணித் தறியும்

எங்கள் வெண்ணந்தூர்த் தெருவில் வானத்துக்குப் பட்டா வாங்கி வைத்திருந்த ஒரே ஆள் ஏரியல்காரர்தான். அவர் மொட்டை மாடியிலிருந்து கம்பி போய்க் கட்டாத தென்னை மரம் கிடையாது. காக்காய்கூட அந்தப் பக்கம் குனிந்துதான் பறக்கும்.

பிழைப்புக்கு மோட்டாருக்குக் காயில் கட்டுவார். யார் வீட்டு விசைத்தறி மோட்டார் புகைந்தாலும் அவரிடம்தான் ஓடுவோம். பித்து மட்டும் ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் ஊர் விட்டு ஊர் பேசுகிற பித்து. ரேடியோவைக் கடையில் வாங்கினார். ஏரியலை மட்டும் கடையில் வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். காயில் கட்டி மிஞ்சிய செம்புக் கம்பி, முனையில் கட்டத் தறியில் ஓடி ஓடித் தேய்ந்துபோன மர நாடா, தூக்கி நிறுத்த மூங்கில், இவ்வளவுதான் சாமான். ஒரு நாள் என் சைக்கிளில் முன் சக்கரத்தையே காணோம். தேடிப் போனால், அவர் மாடியில் அதன் ரிம் உடம்பெல்லாம் கம்பி சுற்றிக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்கிறது.

“ஏனுங்ண்ணா, எஞ் சைக்கிளு?”

“சைக்கிளு உங்கூட்லதான் இருக்குது சாமி. நான் ரிம்ம மட்டுந்தான் எடுத்தேன்.”



மாரியம்மன் பண்டிகையின்போது கோயில் மைக் செட்டில் திடீரென்று கொரகொரவென்று ஒரு குரல் புகுந்தது. அதைக் கேட்டுப் பூசாரிக்கு அருள் வந்துவிட்டது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த நேரம் இவர் மாடியில் உட்கார்ந்து, தூத்துக்குடியில் மழை உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்!

தூத்துக்குடியில் அவருக்கு ஒரு சிநேகிதர். உப்பளத்துக்காரர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் இவர் அவருக்கு மாப்பிள்ளை, அவர் இவருக்கு மச்சான். தினமும் காலை ஏழு மணிக்கு, உப்பளம் கிளம்புமுன் அவர் ரேடியோவில் வருவார். கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி: “தங்கச்சி சொகமா?”

தங்கச்சி என்றால் ஏரியல்காரர் சம்சாரம். நாங்கள் அக்கா என்போம். லைசென்ஸ் இல்லாதவர் மைக்கில் பேசக் கூடாது. அதனால் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து, “சொகமுன்னு சொல்லுங்க. அண்ணன நேரத்துக்குச் சாப்படச் சொல்லுங்க” என்பார்.

தொல்லை என்னவென்றால், எங்கள் தெருத் தறிகளின் மோட்டாரும் ஸ்டார்ட்டரும் கிளப்புகிற மின் இரைச்சல் அந்த ரேடியோவுக்குள் புகுந்துவிடும். மச்சான் பேச்சில் பாதி அதில் அரைபட்டுப் போய்விடும். அத்தனை மோட்டாரையும் ஓடவைத்துக் கொடுத்தவர் இவரேதான், யாரைக் குறை சொல்வது?

“ஒரு நாளைக்காச்சும் அந்த அண்ணங் கொரலச் சுத்தமாக் கேட்டரோணும்” என்று அக்கா ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டார். அதற்குத்தான் அத்தனை ஏரியலும். உயர்த்தினார், சாய்த்தார், திருப்பினார், வட்டமாக வளைத்தார். மாதாந்திரக் கரண்ட் கட்டில் தறி நிற்கும், அவர் ரேடியோ பேட்டரியில் ஓடும்; ஆனால் அது ஒன்பது மணிக்கு மேல்தான். அதற்குள் மச்சான் போய்விடுவார். “ஏழு மணிக்கே புடுங்கீருங்க” என்று லைன்மேனைக் கெஞ்சியிருக்கிறார். தெரு அவரை அடிக்காமல் விட்டது அக்கா முகத்துக்காக.

“போன் பண்ணித் தொலைங்களேன்” என்று நானும் எரிந்து விழுந்திருக்கிறேன்.

“போன் பண்ணுனா என்ன சோலின்னு கேப்பாங்க சாமி. இதுல ஆரும் கேக்க மாட்டாங்க.”

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை அக்கா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் எடுக்கும்வரை ஒரு தறியும் ஓடாது. அக்காவை வாசலில் கிடத்தியிருந்தோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். ஏழு மணிக்குப் பார்த்தால் ஏரியல்காரரைக் காணோம். அக்காவின் தம்பி கொதித்துவிட்டார். “எங்கக்கா வாசல்ல கெடக்குது, இந்தாளுக்குக் கம்பி கேக்குதா?”

இழுத்து வரலாம் என்று கோபமாக மாடி ஏறினேன். ரேடியோ முன்னால் மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இரைச்சலே இல்லை.

“மாப்ள, கேக்கா? மாப்ள...” பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. “ஒங்க ஊரு தறி இன்னைக்கும் விடலயாக்கும். சரி, பதிலுதான் வரல, நீங்க கேட்டுக்கிட்டுதான் இருப்பிய. இங்க நல்ல மழ. பாத்தியில உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. தங்கச்சி சொகமா?”

ஏரியல்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எத்தன சுத்தமாக் கேக்குது பாரு சாமி” என்றார். எழுந்து, ஸ்பீக்கரைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர்மேல் வாசலைப் பார்த்து வைத்து, சத்தத்தை முழுசாகத் திருப்பினார்.

“தங்கச்சி சொகமாய்யா?”

கீழே ஒப்பாரி நின்றுவிட்டது. அக்காவின் தம்பி அண்ணாந்து பார்த்தபடி நின்றார். ஏரியல்காரர் மைக்கை அழுத்தினார்.

“சொகமா இருக்கறாளுங்க மச்சான். இன்னைக்குத்தான் உங்க கொரலு நல்லாக் கேக்குதாமா. உங்கள நேரத்துக்குச் சாப்படச் சொல்றா.”

மைக்கை வைத்துவிட்டு அப்படியே சரிந்து என் தோளில் விழுந்து அழுதார். நானும் அழுதேன், என்ன செய்வது.

இன்றைக்கும் மச்சான் கேட்கிறார், இவர் சொகம் என்கிறார். மச்சானிடம் சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் ஏழு மணிக்கு என் தறிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுகிறேன். எதிர்வீட்டுக்காரரும் நிறுத்துகிறார், பக்கத்து வீட்டிலும் நிறுத்துகிறார்கள். யாரும் யாரிடமும் காரணம் கேட்பதில்லை.

ஏரியல்காரர்தான் ஒரு நாள் கேட்டார், “ஏஞ் சாமி, காலைல தறி நிக்குது?”

“மோட்டார் சூடாகுதுங்ண்ணா” என்றேன்.

அவர் காயில் கட்டிய மோட்டார் இந்தத் தெருவில் ஒருநாளும் சூடானதில்லை.