கங்காணியக்காவின் நான்கு நிரைகள்

மனிதர்களின் பொறுமையைச் சோதிப்பதற்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருந்தால், அதற்குத் துணைவேந்தராகக் கங்காணியக்காவை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களை மேய்க்கும் கங்காணி வேலை. வயது நாற்பத்தாறு. தொலைதூரக் கல்வியில் பி.ஏ. கடைசி ஆண்டு. என் கெட்ட நேரம், நானும் அதே படிப்பு, அதே ஆண்டு, அதே குழு.

அப்போது போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இ-சேவை மையம் வைத்திருந்தேன். ஊரில் பாதிப் பேருக்கு ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் என்பதால், கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு உண்டு. பட்டம் மட்டும் இரண்டு முறை கைநழுவிப் போயிருந்தது. நான் எழுத ஆசைப்பட்ட அரசுத் தேர்வுக்கு அந்த ஆண்டோடு வயது வரம்பு முடிகிறது. இந்த முறையும் தேறாவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எல்லாம் அந்தக் கடைசிக் குழுத்திட்டத்தில் வந்து நின்றது. தலைப்பு, ‘எங்கள் பகுதியில் குடிநீர்’. நாலு பேரும் நேரில் சந்திக்க வேண்டியதில்லை. இணையத்தில் ஒரே பொது ஆவணத்தில் ஆளுக்கு ஒரு பங்கு எழுத வேண்டும். முடிவில் தேர்வாளர் வீடியோவில் வந்து யாரிடமும் எதை வேண்டுமானாலும் கேட்பார். ஒருவர் பங்கு காலியாக இருந்தாலும் நாலு பேருக்கும் தோல்வி. வேலை செய்யாதவரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நீக்கிவிடலாம் என்று ஒரு விதியும் இருந்தது. நான், கங்காணியக்கா, போடியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ரஹீம் பாய், வேறொரு தோட்டத்தில் காய் எடுக்கும் மல்லிகா, இதுதான் எங்கள் குழு.

முதல் கூட்டத்துக்கு நாலு நிறத்தில் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். திரையில் அதைக் காட்டி அரை மணி நேரம் விளக்கினேன். திரையில் ஒரு கட்டத்துக்குள் ரஹீம் பாயும் அவருக்குப் பின்னால் பெயின்ட் டப்பாக்களும் தெரிந்தன. இன்னொரு கட்டத்துக்குள் ஒரு நெற்றியும் கொஞ்சம் தகரக் கூரையும். அந்த நெற்றிதான் கங்காணியக்கா. கடைசி வரை முகத்தின் மீதிப் பகுதியை அவர் எங்களுக்குக் காட்டவே இல்லை.

“மதி, மதி!” என்றது நெற்றி. மலையிலேயே கிடந்து, போதும் என்பதை மலையாளத்தில் அதட்டப் பழகியிருந்தார். “கலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. சோலி எங்க இருக்கு?”

பிறகு அவரே ஒரு நோட்டுத் தாளில் நாலு கோடு கிழித்துக் காட்டினார். “தோட்டத்துல ஆளுக்கு ஒரு நிரை. அவ நிரையில இவ கை வைக்கப்படாது. தன் நிரைய முடிச்சவ குத்தவச்சு கத பேசப்படாது. பிந்துனவ நிரைக்குப் போயி, மறுகோடியில இருந்து எடுத்துக்கிட்டு வரணும். ரெண்டு பேரும் நடுவுல சந்திக்கணும். இங்கயும் அதேதான்.”

“அக்கா, இது படிப்பு. ஏலக்கா இல்ல.”

“படிப்புன்னா தானா வந்து கூடையில விழுந்துருமோ?”

என் நாலு வண்ண அட்டவணை அன்றோடு மண்ணைக் கவ்வியது.

தினமும் காலையில் பேர் கூப்பிடுவார். வராதவருக்கு விடுதலை கிடையாது. ஒருநாள் ரஹீம் பாய் வரவில்லை. கடைக்கே போன் போட்டு, வாடிக்கையாளர்கள் கேட்கும்படி சத்தமாக விசாரித்தார்.

“பாய், நேத்து ஏன் வரல?”

“கடையில லோடு எறங்குச்சு தங்கச்சி.”

“லோடு கையிலதான எறங்குச்சு? வாயிலயா எறங்குச்சு?”

ரஹீம் பாய் மறுநாள் என் மையத்துக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “மாப்ளே, எம் பொஞ்சாதிகூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல. பி.ஏ.வும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு ஓடிறலாமா?” என்றார். ஆனால் அன்று மாலையே ஒரு பக்கம் எழுதி முடித்திருந்தார்.

என் பங்கு போடி நகரத்துக் குழாய்த் தண்ணீர். இணையத்தில் இருந்து அழகான ஒரு பத்தியை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். கங்காணியக்கா ஒற்றை விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் படித்தார்.

“தம்பி, இது பிஞ்சு.”

“என்னக்கா?”

“விளையாத காய். எவன் தோட்டத்துலயோ பறிச்சுட்டு வந்து எங் கூடையில போடுற. இதுல போடியும் இல்ல, தண்ணியும் இல்ல. மேட்டுத் தெருவுக்குப் போயி நாலு பொம்பளைககிட்டக் கேட்டுட்டு வா, போ.”

போனேன். வெயிலில் மூன்று நாள் அலைந்தேன், வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே.

அது போதாதென்று வாரம் ஒரு தொல்லை. தன் பங்கை யாரும் தானே விளக்கக் கூடாது. இன்னொருவர்தான் விளக்க வேண்டும். என் பங்கை மல்லிகா, மல்லிகாவின் பங்கை நான். மல்லிகாவிடம் விளக்க என்ன இருந்தது? தோட்டத்துத் தண்ணீரைப் பற்றி அவர் எழுத வேண்டிய பக்கம் மூன்று வாரமாகக் காலி. ஒரே ஒருநாள் திரையில் பாதி முகமாக வந்து, “அக்கா, கேக்குதா?” என்றவர் அப்படியே உறைந்து போனார். பிறகு ஆளே இல்லை.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. என் வயது வரம்பு என்ன, இந்தப் பெண்ணின் அலட்சியம் என்ன! மையத்தில் உட்கார்ந்து, மல்லிகா எதுவும் செய்யவில்லை, அவரை நீக்கிவிடுங்கள் என்று ஒருங்கிணைப்பாளருக்குக் கடுமையாக ஒரு கடிதம் தட்டினேன். ஆத்திரத்தில் அதை எங்கே தட்டினேன் தெரியுமா? நாலு பேரும் பார்க்கிற அதே பொது ஆவணத்தில், மல்லிகாவின் காலிப் பக்கத்திலேயே. அதைக் கவனித்து அழிப்பதற்குள் கரண்ட் போனது. அன்று முழுக்க வரவில்லை, போனிலும் சார்ஜ் இல்லை. மறுநாள் காலையில் ஓடிப்போய்த் திறந்தேன், கடிதம் இல்லை. பதிவாகாமல் போயிருக்கும், பிழைத்தேன் என்று மூச்சு விட்டேன். திரும்ப எழுதத்தான் நினைத்தேன், அதற்குள் கங்காணியக்காவிடமிருந்து உத்தரவு வந்துவிட்டது.

“நாளையில இருந்து கூட்டம் காலையில ஆறு நாப்பதுக்கு. எல்லாரும் வெரசா வந்துரணும்.”

“ஏன்க்கா, நாங்கெல்லாம் தூங்க வேணாமா?”

“மல்லிகா வீட்டுல செல்லு எடுக்காது. ஜீப்புக்காரங்கள விசாரிச்சேன். அவள ஏத்திட்டுப் போற ஜீப்பு மெட்டுக்குக் கீழ ஒரு வளைவுல ஆளேத்த நிக்கும். பத்து நிமிசம். அங்க மட்டுந்தான் செல்லு எடுக்குது. ஜீப்பு நமக்காக நிக்காது, நாமதான் ஜீப்புக்காக நிக்கணும்.”

மறுநாள் முதல் பல்லுகூட விளக்காமல் மூன்று பேர் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜீப்புக்காகக் காத்திருந்தோம். வளைவு வந்ததும் ஹாரன் சத்தத்துக்கும் சிரிப்புச் சத்தத்துக்கும் நடுவே மல்லிகா மூச்சுவிடாமல் சொல்வார்: ஊற்று எங்கே இருக்கிறது, மழை விட்டால் எத்தனை நாளில் கலங்கல் தெளிகிறது, ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை இடத்தில் இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. என் பங்கு முடிந்துவிட்டதால் அவர் நிரையில் மறுகோடியில் இருந்து தட்டச்சு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. கொஞ்சம் நடையைத் திருத்தி எழுதினால் கங்காணியக்காவுக்கு ஆகாது. “அவ சொன்னத எழுது அப்பு. ஒன் சவடாலு எதுக்கு அங்க?” என்பார். மீதி நேரத்தில் ரஹீம் பாய் என் பங்கை மல்லிகாவுக்குப் படித்துக் காட்டுவார். பத்து நிமிடம் முடிந்ததும் ஜீப்பு கிளம்பி, பாதிச் சொல்லில் மல்லிகா அறுந்து போவார்.

தேர்வு நாள். பதினொரு மணிக்கு வீடியோ. கங்காணியக்கா மல்லிகாவின் தோட்டத்துக் கங்காணியிடம் பேசி லீவு வாங்கிக் கொடுத்திருந்ததால், மல்லிகா வளைவில் ஒரு பாறைமேல் குடையோடு உட்கார்ந்திருந்தார். லாரி போகும்போதெல்லாம் குடை ஆடியது. தேர்வாளர் என் பக்கங்களைப் புரட்டிவிட்டு, என்னை விட்டுவிட்டு மல்லிகாவைக் கூப்பிட்டார்.

“நகரத்தில் மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏனம்மா?”

போச்சு, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

“பள்ளத்து வீட்டுக்காரங்க மோட்டாரப் போட்டு உறிஞ்சிர்றாங்க சார்,” என்றார் மல்லிகா. “மேட்டுல இருக்கவங்க கொடத்த வச்சுக்கிட்டு வெறுங் குழாயப் பாத்துட்டு நிக்காங்க. பெரிய குழாயாப் போட்டாலும் இதே கததான். முறை வச்சுத் தெறக்கணும் சார். மேட்டுக்கு மொதல்ல, பள்ளத்துக்குப் பொறகு.”

நான் மூன்று பக்கத்தில் முக்கி முனகிச் சொன்னது அவ்வளவுதான். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்து என்னிடம் மல்லிகாவின் பங்கைக் கேட்டார். ஊற்றில் இருந்து குடம் வீடு வரும் கதையை, இறக்கி வைக்கும் இடங்கள் உட்பட, நானே சுமந்தவன் மாதிரி சொன்னேன். நாலு பேரும் தேறினோம்.

நன்றி சொல்லக் கங்காணியக்காவுக்குப் போன் செய்தேன்.

“தேறுனது சந்தோசம். இன்னொண்ணு தம்பி. மல்லிகா பக்கத்துல ஒரு கடுதாசி எழுதி வச்சிருந்தியே, கரண்டு போன அன்னைக்கு.”

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

“நாந்தான் மொதல்ல பாத்தேன். அழிச்சிட்டேன். பாயும் பாக்கல, அந்தப் புள்ளையும் பாக்கல.”

“ஏன்க்கா அன்னைக்கே என்னத் திட்டல?”

“சோம்பேறின்னா திட்டலாம். நீ பயந்துல்ல போயிருந்த. ஒனக்கு வயசு ஓடுதுன்னு பயம். அதச் சொல்லத் தெரியாம அவ பேர எழுதிட்ட. விடு.”

சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி போனை வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அந்த அரசுத் தேர்வை எழுதி, இப்போது ஓர் அலுவலகத்தில் எனக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. மேற்கொண்டு எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் வாங்கியிருக்கிறேன். இந்த முறை குழு உறுப்பினர்களை நாமே தேர்ந்தெடுக்கலாமாம். என்னோடு சேர்ந்து படிக்கக் கேட்டதற்குக் கங்காணியக்கா, “மதி தம்பி, எனக்குத் தோட்டத்துல சோலி கெடக்கு” என்று கறாராகச் சொல்லிவிட்டார். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்சில் மலைக்குப் போகிறேன். காலில் விழுந்தாவது அவர் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிடுவேன். அந்த மனுஷி பக்கத்தில் இருந்து அதட்டாவிட்டால் எனக்குப் படிப்பு ஏறாது.