கிரிஸ் கத்தியைப் புளி போட்டுத் துலக்கிய கதை

எங்கள் வீட்டுக் கத்திக்கு என்ன வயது? இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் போனதற்குக் காரணமும் நான்தான்.

அது காய்கறி நறுக்கும் கத்தி அல்ல. பாம்பு ஓடுவது போல வளைந்து வளைந்து போகும் இந்தோனேசியக் குத்துவாள். கிரிஸ் என்பார்கள். என் மாமனாரின் அப்பா சுமத்ராவில் தோட்ட வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது ஜாவாக்கார சிநேகிதர் ஒருவர் தன் குடும்பத்துக் கத்தியையே இவருக்குக் கொடுத்தாராம். மாமனார் அதை நம்பி வளர்ந்தவர். அவர் தம்பி, அதாவது சின்ன மாமா, நம்பாதவர். "துறைமுகத்துக் கடையில வாங்கிக்கினு வந்துட்டு நைனா கதை வுட்டாரு" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். மாமனார் அன்று சரியாகச் சாப்பிட மாட்டார். அவர் அப்பா பொய் சொல்லவில்லை என்று விஷயம் தெரிந்த யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஒருவரை நான்தான் கண்டுபிடித்தேன். விழுப்புரத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் சூசை சார். அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு மாலை வருவதாகச் சொன்னார். மாமனார் கத்தியைத் துண்டில் சுற்றி, மல்லாட்டைப் பைக்குள் கடலையோடு கடலையாக ஒளித்து, திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தார். கூடவே சின்ன மாமா (வேடிக்கை பார்க்க).

மதியம் சாப்பிட்டுவிட்டு இருவரும் தூங்கினார்கள். நான் மெதுவாகக் கத்தியை உறையிலிருந்து உருவிப் பார்த்தேன். ஒரே கறுப்பு. அதன்மேல் பூஞ்சை பிடித்தது போல வெள்ளை வெள்ளையாக நெளிவுகள். என் மகனுக்கு அப்போது பத்து மாதம். கண்ணில் பட்டதையெல்லாம் நக்கிப் பார்ப்பான். நக்கிவிட்டால் என்ன ஆகும் என்று முதலில் பயந்தேன். பெரிய மனிதரிடம் இப்படியா அழுக்காக நீட்டுவது என்று அடுத்துப் பயந்தேன். (ஒரு பயத்தோடு நான் நிறுத்தியதே இல்லை.) ஆயுத பூஜைக்கு அரிவாள்மனையிலிருந்து சைக்கிள் வரை துலக்கிப் பழகிய கை. புளி, கம்பி நார், சந்து பொந்துக்குப் பழைய டூத் பிரஷ். முக்கால் மணி நேரத்தில் கத்தி, சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் கரண்டி போல மின்னியது.

மாலையில் சூசை சார் கத்தியை உருவினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இதைத் தேய்ச்சது?"

"நான்தான் சார்." (பெருமையாக.)

"நீங்க இன்னா படிச்சிருக்கீங்க?"

"எம்.ஏ. வரலாறு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது அழுக்கில்லம்மா. ரெண்டு வகை இரும்பை மடிச்சி மடிச்சி அடிச்சா வர்ற கோலம். அது எடுப்பாத் தெரியணும்னுதான் கறுப்பு ஏத்துவாங்க. அந்தக் கறுப்பையும் குழியில இருக்கிற துருவையும் பார்த்துத்தான் வயசு சொல்லணும். நீங்க ஒரு குழியையும் வுடல."

மாமனார் எழுந்து நின்றுவிட்டார். "அப்போ எங்க நைனா சொன்னது, சார்?"

சூசை சார் பூதக்கண்ணாடியை எடுத்தார். அரை மணி நேரம் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"இந்த அடிப்பாகம் தனித் துண்டு. நூல் நுழையாம பொருத்தியிருக்கான். வளைவெல்லாம் நுனிக்குப் போகப் போகச் சீரா சின்னதாவுது. கோலமும் லேசா தெரியுது பாருங்க. கடையில விக்கிறதுக்கு எவனும் இவ்ளோ பாடுபட மாட்டான். வேலைப்பாடு நெஜம். வயசை மட்டும் என்னைக் கேக்காதீங்க."

"பார்த்தா நேத்து செஞ்ச மாதிரி கீது!" என்றார் சின்ன மாமா.

"டேய், கடையில வாங்கலன்னு சார் சொல்லிட்டாரு. வாயை மூடு" என்ற மாமனார், கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த என் பக்கம் திரும்பினார். "அழுவாதம்மா. எங்க நைனா பொய் சொல்லல. எனக்கு அது போதும்."

அவருக்குப் போதும். மற்றவர்களுக்குப் போதவில்லை. இப்போதும் நான் திண்டிவனத்து வாசலில் கால் வைத்தால், "வயசானதெல்லாம் உள்ள எடுத்து வைங்க, விழுப்புரத்து மருமவ வர்றா!" என்று மாமியார் குரல் கொடுப்பார். முதல் ஆளாக மாமனார் எழுந்து உள்ளே போவார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை மிச்சம். அடுத்த பொங்கலுக்குள் கத்தி பழையபடி கறுப்பாக வேண்டும். ஜாவாவில் அதற்கு எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் சேர்ப்பார்கள் என்று சூசை சார் சொல்லிவிட்டார். பாஷாணம்! என் மகனோ இப்போது அலமாரி ஏறுகிறான். பாஷாணம் இல்லாமல் இரும்பைக் கறுப்பாக்கும் வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன்.