பஜனைக் கோஷ்டியில் சேர்த்த பாவம்

திருத்தணி,
7-1-2003

மதிப்பிற்குரிய மச்சினர் பரசுராமன் அவர்களுக்கு, நாராயணசுவாமி அநேக நமஸ்காரம். தணிகை வேலவன் தயவில் நானும் உங்கள் தங்கை ஜம்பகமும் இங்கே உயிரோடு இருக்கிறோம். அரக்கோணத்தில் உங்கள் வீட்டில் எல்லோரும் அதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் உங்கள் மருமான் சந்திரமௌலியைப் பற்றி. பத்தாவது பாஸ் செய்தான் என்று அவனுக்குக் கிடார் வாங்கிக் கொடுத்தது நீங்கள். அன்று பிடித்தது சனி. தொண்ணூற்றைந்தில் மெக்கானிக் ஜமீல் அகமது பாயின் மகன் முபாஷிர் டிரம் அடிக்க, தபால்காரர் மகன் நாகேஷ் பாட, 'பிணவாசல்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஹெவி மெட்டல் ஆரம்பித்தார்கள். நாகேஷ் பாடியதைக் கேட்டு யாருக்கோ வலிப்பு என்று அடுத்த வீட்டு மணியம்மை தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். மூன்று வருஷம் வேகமாக அடித்தார்கள். அதற்கு நாங்கள் பழகிய சமயம் பார்த்து, 'உலைக்களம்' என்று பெயரை மாற்றிக்கொண்டு மெதுவாக அடித்தார்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் நான் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரலாம். அதுவும் போதவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு வந்த பம்பைக்காரர் தணிகாசலத்தை வீட்டுக்கே கூட்டி வந்து, பம்பையும் கிடாருமாகப் பதினோரு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு என்று இறங்கிவிட்டார்கள். தாளம் நடுவில் ஏழாகிறது, ஐந்தாகிறது, யாரைக் கேட்டு ஆகிறதோ தெரியாது. மெட்ராஸ் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, இந்த மாதிரி இந்தியாவிலேயே யாரும் செய்யவில்லை என்றார். ஏன் செய்யவில்லை என்று ஒருவராவது யோசிக்க வேண்டாமா?

இவர்களை ஒரு வழிக்குக் கொண்டு வரலாம் என்று நான் ஒரு காரியம் செய்தேன். முப்பத்தொன்றாம் தேதி படித் திருவிழாவுக்கு, மடைப்பள்ளியில் முப்பது வருஷம் வேலை பார்த்த செல்வாக்கில், 'தணிகை பாலர் பஜனைக் கோஷ்டி' என்று எழுதிக் கொடுத்துச் சேர்த்துவிட்டேன். படிக்கு ஒரு பாட்டு, பாடி முடித்தால்தான் அடுத்த படி. இது உங்களுக்குத் தெரியும். பாட்டு பதினோரு நிமிஷம் என்பது மட்டும் அன்று காலை எட்டு மணி வரை எனக்கு உறைக்கவில்லை. முந்நூற்றறுபத்தைந்து படி. இந்த வேகத்தில் போனால் மூன்றாம் தேதிதான் சந்நிதி. காவடித் தண்டில் ஒரு பக்கம் லாரி பேட்டரி, ஒரு பக்கம் ஸ்பீக்கர் கட்டி நாகேஷ் தோளில் ஏற்றியிருந்தார்கள். புதுவகைக் காவடி என்று ஜனங்கள் ஸ்பீக்கருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். ஓர் அம்மாள் பேட்டரிமேல் பால் ஊற்றப் போனாள். முபாஷிர் "ஐயோ, வேணாம்மா!" என்று அலறினான், அதையும் பாட்டு என்று நினைத்து எல்லோரும் அரோகரா போட்டார்கள்.

எங்களுக்குப் பின்னால் திருவாலங்காட்டு மாதர் கோஷ்டி. நாலாவது படியிலேயே அவர்கள் தலைவி ரஞ்சிதம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சாமி, நாங்க கை தட்டிகினே கீறோம், எங்க நிறுத்துறதுன்னே தெரியல. உங்க புள்ள பாட்டுக்கு முடிவு கீதா இல்லியா?"

"ஆங், இதோ முடிஞ்சிடுங்க" என்றேன். முடியவில்லை. ஏழாம் படியில் கோயில் ஆட்கள் எங்களை ஓரம் கட்டினார்கள். எத்தனை ஆயிரம் பேருக்குப் பொங்கல் கிண்டியவன் நான், என்னையும் சேர்த்து ஓரம் கட்டினார்கள் மச்சினரே! வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயல்களோ, அந்த அம்மாக்கள் தாளம் தப்பிக் கை தட்டியதை டேப்பில் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த பாட்டை அதன்மேல்தான் கட்டப் போகிறார்களாம்.

வீட்டுக்கு வந்து ஜம்பகத்திடம் கத்தினால், "நீங்க கத்தாதீங்க, அவனாவது தாளத்தோட கத்துறான்" என்கிறாள். நான் ரிடையராகி எட்டு மாசம். இனி அவன் சம்பாதித்தால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரியும். உங்கள் சிநேகிதரின் லாரி ஆபீசில் இருபதாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து புக்கிங் வேலை என்று நீங்கள் பேசி வைத்திருக்கிறீர்கள். அதே இருபதாம் தேதி பெங்களூரில் ஏதோ காலேஜில் வாசிக்க வரச் சொல்லியிருக்கிறார்களாம். என் பேச்சை அவன் கேட்க மாட்டான். நீங்கள் ஞாயிற்றுக்கிழமையே நேரில் வந்து, கையைப் பிடித்து ரயிலேற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

மலை விபூதி மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நாராயணசுவாமி

பின்குறிப்பு (9-1-2003): தபாலில் போடுவதற்கு முன்னால் விஷயத்தை அவனிடம் சொன்னேன். சண்டைக்கு வருவான் என்று எட்டு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். "சரிப்பா, போறேன்" என்றான். அவ்வளவுதான். கிடாரை உறையில் போட்டுப் பரணில் வைத்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அனுப்பியிருப்பேன். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலை நானே பரணில் ஏறி அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். ஆகையால் நீங்கள் வர வேண்டாம். லாரி ஆபீசில் வேலை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஆள்தான் மாறுகிறது. வயது இருபத்தைந்து என்று சொல்லியிருந்தால், ஐம்பத்தெட்டு என்று திருத்திச் சொல்லிவிடுங்கள். இருபதாம் தேதி காலை முதல் ரயிலில் நான் வந்துவிடுகிறேன்.