அறை எண் 207: உள்ளே ஆள் இருக்கிறது

அறை எண் 207,
இரண்டாம் தளம்,
13-3-2025, வியாழக்கிழமை முற்பகல்.

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டில் உள்ளோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சௌக்கியம் ஒரு வரியில் முடிகிற விஷயமாக இல்லை; ஆகவே அதை விரிவாகக் கீழே எழுதுகிறேன். படித்து முடித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடவும். உங்கள் வாயில் எதுவும் தங்காது என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் இதுவரை நம்பியதில்லை. நம்பும்படி இப்போது செய்துவிடாதீர்கள்.

சென்ற 10-3-2025 திங்கட்கிழமை நீங்கள் என்னைப் பல் மருத்துவரிடம் கொண்டுபோய் விட்டீர்கள். மேல்வரிசையில் மிச்சமிருந்த நான்கு பற்களையும் அவர் எடுத்துவிட்டு, ஏற்கெனவே அளவெடுத்துச் செய்துவைத்திருந்த பல்செட்டை அப்போதே மாட்டினார். பிறகு நீங்கள் என்னை எதிர்ச்சாரியில் உள்ள இந்த ஹோட்டலில் சேர்த்துவிட்டுப் போனீர்கள். இதுவரை நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் இங்கே எதற்காக ஒளிந்திருக்கிறேன் என்பதும் தெரியும். ஆனாலும் விஷயத்தின் கனம் உங்களுக்கு மறந்துபோகக்கூடாது என்பதற்காக மீண்டும் எழுதுகிறேன். 2014 ஜூன் மாதம் ஒரு பிஸ்கட்டைக் கடித்து என் கடைவாய்ப்பல் விழுந்த அன்று உங்கள் அக்கா, "பல் டாக்டர்கிட்ட போங்க" என்று முதன்முதலில் சொன்னாள். அன்றிலிருந்து பல் விழும்போதெல்லாம் சொன்னாள், விழாதபோதும் சொன்னாள். என் பல்லைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நானும் அன்றிலிருந்து பதில் சொல்லிவந்தேன். இப்போது மேல்வரிசை மொத்தமும் போய்விட்டது என்று தெரிந்தால் அவள் சொல்லப்போவது ஒரே ஒரு வாக்கியம்: "நான் அப்பவே சொன்னேன்ல?" பிறப்பு இறப்புப் பதிவாளராக முப்பத்தொரு வருடம் உத்தியோகம் பார்த்து எத்தனையோ பேருடைய கோபத்தைத் தாங்கியவன் நான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் தாங்க முடியாது. ஆகவேதான் என் பணிக்கால ஆவணங்களில் ஏதோ தேதிக் குழப்பம், தலைமை அலுவலகத்தில் ஒரு வாரம் இருந்து சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். தேதிக் குழப்பம் என்றதும் அவள் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

23-ஆம் தேதி எங்கள் சின்ன மகளின் கல்யாணத்தில் வரவேற்புரை நான்தான் ஆற்ற வேண்டும் என்று அவளே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குள் இந்தப் பற்களோடு பேசப் பழகியாக வேண்டும். உரக்கப் படியுங்கள், கண்ணாடியைப் பார்த்துப் பேசுங்கள், முதல் நாள் கழற்றவே கழற்றாதீர்கள், மறுநாளிலிருந்து மூன்று வேளை கழற்றி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதற்கெல்லாம் ஒரு மனிதனுக்கு வேண்டியது சாத்திய கதவு ஒன்றுதான். அதை இந்த ஹோட்டலில் தவிர வேறு எங்கு வேண்டுமானாலும் பெறலாம் என்பதே இக்கடிதத்தின் சாரம்.

முதல் நாள் மாலை கண்ணாடி முன் நின்று, "பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கினேன். 'பேரன்பு' என்னும் இடத்தில் செட் இடம்விட்டுக் கிளம்பியது. 'பெருமதிப்பு' என்னும் இடத்தில் பாதி வழி வந்தது. 'பெரியோர்களே' என்றபோது கையால் பிடித்தேன். மனம் தளராமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே துண்டு மாற்ற வந்த அம்மாள் நின்று கேட்டிருக்கிறாள் போலும். சற்று நேரத்தில் வரவேற்பு மேசையிலிருந்து தொலைபேசி. "சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குக் குடுத்திருக்கறது ஒருத்தர் தங்கற ரூம். அதுல கூட்டம் போடக்கூடாது." கூட்டம் எதுவும் இல்லை, நான் தனியாக இருக்கிறேன் என்றேன். "தாய்மார்கள்லாம் வந்திருக்கறதா ரிப்போர்ட் வந்திருக்கே சார்?" என்றார் அந்த இளைஞர். நேரில் வந்து கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

ஆகவே அன்றே 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்னும் அட்டையை வெளிக் கைப்பிடியில் மாட்டினேன். மறுநாள் 11-ஆம் தேதி காலை, மருத்துவர் சொற்படி முதன்முறையாகச் செட்டைக் கழற்றித் தலைமாட்டு மேசையில் கண்ணாடித் தம்ளருக்குள் போட்டுவிட்டு, வாய் நிறைய உப்பு நீரோடு நின்றுகொண்டிருக்கிறேன், கதவு தட்டப்படுகிறது. அட்டையைப் பார்க்கவில்லையா என்று நினைப்பீர்கள். பார்த்ததனால்தான் தட்டியிருக்கிறாள், அந்தத் துண்டு மாற்றும் அம்மாள். "சார், அட்டை நேத்துலேருந்து தொங்குதே, வேணும்னுதான் போட்டிருக்கீங்களா, இல்ல எடுக்க மறந்துட்டீங்களா?" என்று கேட்கிறாள், கேட்பதற்காகவே மெனக்கெட்டு வந்திருக்கிறாள். நான் என்ன பதில் சொல்ல முடியும்? நீரைத் துப்பினாலும் பல்லில்லாத வாயால் ஒரு பெண்மணிக்குப் பதில் சொல்வது முறையா? ஆகவே நம் வீட்டில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். குளியலறையில் ஆள் இருக்கும்போது வெளியிலிருந்து யாரேனும் தட்டினால், உள்ளே இருப்பவர் திருப்பி இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே ஆள் இருக்கிறது, போய்விட்டுப் பிறகு வா என்று பொருள். வாயைத் திறக்க வேண்டாம், மரியாதையும் கெடாது. நானும் உள்ளிருந்து கௌரவமாக இரண்டு முறை தட்டினேன்.

வெளியே, "ஐயையோ! உள்ள மாட்டிக்கிட்டாரு!" என்று ஒரு குரல். "சார், பயப்படாதீங்க! கதவு தொறக்க வரலையா?" என்று கேட்டாள். இல்லை, அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிவிக்க மறுபடியும் தட்டினேன், சற்று அழுத்தமாக. "பாவம், முடியல போல, தட்டறாரு பாருங்க, பெரியவரு" என்று இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. ஓடிவரும் காலடிகள், சாவிக்கொத்தின் சத்தம். இனி நிற்பதில் பயனில்லை என்று குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டேன். அறைக்குள் நான்கு பேர் நுழைந்தார்கள். குளியலறைக் கதவைத் தட்டினார்கள். என்னுடைய புத்தியைப் பாருங்கள், எழுபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகவே எழுந்து திருப்பித் தட்டிவிட்டது. "பாத்ரூம்லயும் மாட்டிக்கிட்டாரு! ரிப்பேர் பாக்கறவரைக் கூப்பிடு!" என்றார் ஒருவர். ஸ்குரூடிரைவரோடு வந்த மனிதர் கைப்பிடியைக் கழற்றிக் கதவைத் திறந்தபோது, துண்டால் மூக்குக்குக் கீழே முழுவதையும் மூடிக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளர் என்ற ஓர் அம்மாள் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தினாள். "சார், ஒரு வார்த்தை பேசுங்க. உங்க பேர் ஞாபகம் இருக்கா? இங்க எப்ப வந்தீங்கன்னு சொல்லுங்க பாப்போம்." யாரிடம் கேட்கிறாள் பாருங்கள்! தேதி தெரியாதவன் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை என்று எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். பேனாவைச் சைகையால் கேட்டு வாங்கி, "நலமாக இருக்கிறேன். தயவுசெய்து அனைவரும் செல்லவும். வந்தது 10-3-2025, பிற்பகல்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "நெனவெல்லாம் நல்லா இருக்கு. வார்த்தைதான் வரல" என்று மற்றவர்களிடம் மெல்லிய குரலில் சொன்னாள்.

இவ்வளவு அமளியிலும் தலைமாட்டு மேசையில் தம்ளர் அப்படியே இருந்தது, செட்டும் அதற்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் போனபின் பார்க்கிறேன், துண்டு மாற்றும் அம்மாள் தம்ளரின்மேல் ஒரு சாஸரைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போயிருக்கிறாள். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? அன்று பகலில் நான் ரொட்டியும் காய்கறியும் சொல்லியிருக்க, வந்தது சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும். "மெல்ல வேண்டியதில்ல சார், அப்படியே முழுங்கிடலாம்" என்றார் கொண்டுவந்தவர். இரண்டாம் தளம் முழுவதும் என் ஈறுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

நேற்று 12-ஆம் தேதி இன்னும் மோசம். பெரியவர் தனியாக இருக்கிறார், பேச்சு வரவில்லை, அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவாம். பல்பு எரிகிறதா என்று பார்க்க ஒருவர் வருகிறார், எரிகிறது. திரைச்சீலை சரியாக மூடுகிறதா என்று ஒருவர். அவர் திறந்து மூடிக் காட்டிவிட்டுப் போகிறார். தலையணை போதுமா என்று ஒருத்தி, தலையணை அதிகமோ என்று இன்னொருத்தி. செட்டை மாட்டியிருக்கும் வேளையில் ஒருவரும் வருவதில்லை, கழற்றிய மறுநிமிஷம் ஊர்வலமாக வந்து நிற்கிறார்கள். நானும் தட்டுவதை விட்டுவிட்டுச் சும்மா இருந்து பார்த்தேன். சத்தமே இல்லையே என்று பதறி இன்னும் சீக்கிரமாகத் திறக்கிறார்கள்! தட்டினாலும் ஆபத்து, தட்டாவிட்டாலும் ஆபத்து, பேசுவதற்கு வாயில்லை, இந்த நிலைமையில் மனுஷன் என்னதான் பண்ணுவான், நீங்களே சொல்லுங்கள்.

மேலாளர் என்னிடம் நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார். அவர் வந்தபோது பற்கள் வாயில் இருந்ததால் என் ஆட்சேபணைகளை எல்லாம் கோர்வையாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். போகிறபோது, "ஒண்ணும் கவலப்படாதீங்க சார். அன்னிக்கே உங்க வீட்டுக்கும் ஃபோன் பண்ணிட்டோம்" என்றார்.

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "எந்த வீட்டுக்கு?"

"நீங்கதானே சார் செக்-இன் பண்ணும்போது அவசரத்துக்குன்னு நம்பர் சொன்னீங்க? ரெண்டு தடவ அடிச்சோம். யாரும் எடுக்கல."

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியே பழகியவன், நம்பர் கேட்டதும் வீட்டு நம்பரைச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். எடுக்கவில்லை என்பது ஒன்றுதான் இப்போது என் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறது.

ஆகவே, மாப்பிள்ளை, உங்களிடம் நான் வேண்டுவன: முதலாவதாக, இன்றே எங்கள் வீட்டுக்குப் போய், ஏதோ வழியில் வந்ததுபோல் உட்கார்ந்து, அக்காவுக்கு அந்த அழைப்பு தெரியுமா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும், வாயால் கேட்க வேண்டாம். அடுத்து, என்னை வேறு ஹோட்டலுக்கு மாற்றவும். கதவுக்கு உள்தாழ் இருப்பதும், அதை வெளியிலிருந்து கழற்ற முடியாததுமான ஹோட்டல். பிறகு இந்த நிர்வாகத்துக்குக் காட்டமாக ஒரு புகார் எழுத வேண்டும். வாசகத்தை நான் தருகிறேன், கீழே உங்கள் கையெழுத்து இருக்கட்டும். கல்யாணம் முடியும்வரை இந்த விஷயம் உங்களோடும் என்னோடும் நிற்க வேண்டும். நான் மணமேடைக்குப் பக்கத்தில் நின்று பேசும்போது உங்கள் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, 'அப்பவே சொன்னேன்' என்று பார்வையாலேயே சொல்லிக்கொண்டிருந்தால், பல் நின்றாலும் நான் நிற்க மாட்டேன்.

உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லவும். குழந்தைகள் இருவரும் நன்றாகப் படித்து, இரவில் மறக்காமல் பல் துலக்கி, நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு அத்தான்.

பி.கு. (அதே தேதி, பிற்பகல்): மேலே எழுதியவற்றில் தேதிகளைத் தவிர மற்ற அனைத்தும் ரத்துசெய்யப்பட்டதாகக் கொள்ளவும்.

கடிதத்தை ஒட்டப்போகும் வேளையில் கதவு தட்டப்பட்டது. செட் தம்ளரில் இருந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு முறை தட்டினேன். யாரும் கத்தவில்லை. சாவிச் சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, பற்களை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், நடைவழியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் பையோடு உங்கள் அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

"ஆச்சா?" என்றாள்.

தவறிய அழைப்பைப் பார்த்து நேற்று இரவே இந்த ஹோட்டல்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறாள். உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறார், வாயே திறக்க மாட்டேன் என்கிறார் என்று இவர்கள் சொல்ல, "தட்டினார்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். நீங்க போயிடணும், அவ்வளவுதான்" என்று விளக்கியிருக்கிறாள். உள்ளே வந்து தம்ளரைப் பார்த்தாள், சாஸரைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். நான் அந்த வாக்கியத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"மேல மட்டுமா, கீழயுமா?"

"மேலே மட்டும்" என்றேன்.

"எனக்குக் கீழ. நாலு" என்று சொல்லி, வாயில் விரலை விட்டு எடுத்துக் காட்டினாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். "தேதி சொன்னாத்தானே உங்களுக்கு விளங்கும்? 2019 ஜூலை பதினஞ்சு. உங்களைப் பல் டாக்டர்கிட்ட போங்க போங்கன்னு விரட்டிட்டு எனக்கே விழுந்துடுச்சுன்னா நீங்க சும்மாவா இருப்பீங்க? அதான் தம்பிகிட்ட சொன்னேன். அவன் வீட்டுலயே ஒரு வாரம் இருந்து பழகிட்டு வந்தேன். இதே டாக்டர்தான். ஆறு வருஷமா எதிர்ல ஒக்காந்து சாப்பிடறீங்க, ஒரு நாளாவது கவனிச்சீங்களா?"

ஆக, உங்கள் வாயில் எதுவும் தங்காது என்று மேலே எழுதியதை முழுமனதோடு திரும்பப் பெறுகிறேன். ஹோட்டல் மாற்ற வேண்டாம். உங்கள் அக்காவும் ஞாயிறு வரை இங்கேதான் இருக்கப்போகிறாள். இவள் கீழே போய் மேற்பார்வையாளரிடம் என்ன சொன்னாளோ, அதன்பின் ஒரு பூச்சிகூட எட்டிப் பார்க்கவில்லை. உரையையும் கேட்டாள். "பேரன்பு, பெருமதிப்புன்னு ஆரம்பிச்சா பல்லு வெளிய வராம என்ன பண்ணும்? எல்லாருக்கும் வணக்கம்னு ஆரம்பிங்க" என்றாள். ஆரம்பித்தேன். செட் அசையவில்லை.

ஆனால் ஒரு விஷயத்துக்கு நீங்கள் எழுத்துமூலம் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஜூலை 15-ஆம் தேதி, தம்பிக்குக் கால் சுளுக்கு, கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் இவள் உங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் 17-ஆம் தேதி உங்களுக்கு ஆறுதல் கடிதம் எழுதினேன். "கால் தேறிவருகிறது, அத்தான்" என்று 20-ஆம் தேதியிட்டுப் பதில் போட்டீர்கள். அதையும் மன்னிக்கிறேன். என்னுடைய அந்த 17-ஆம் தேதிக் கடிதத்தோடு இவள் கொறிப்பதற்கென்று இரண்டு கிலோ வறுத்த வேர்க்கடலை வாங்கி அனுப்பியிருந்தேன். ஒன்றைக்கூடக் கடிக்க முடியவில்லை என்று இவள் இப்போது சொல்கிறாள். அதை யார் தின்றது?