ஜேக்கின் முதல் குல்லா

எனக்கு ஆங்கிலம் தெரியும். இந்த ஒரு வரியை என் வீட்டில் யாரும் சிரிக்காமல் கேட்டதில்லை. எம்.ஏ. ஆங்கில இலக்கியம், முதல் வகுப்பு என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன்பு கொடைக்கானலில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு சின்னப் பள்ளியில் தற்காலிக ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். நிரந்தரம் ஆக்குவார்களா, மாட்டார்களா என்ற கவலையிலேயே ஒரு வருடம் ஓடியிருந்தது. (பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் வரை போய், திரும்பி வந்து நான்காவது முறையும் இழுக்கிற ஆள் நான். மகள் தும்மினால் எனக்குக் காய்ச்சல் வரும்.) அந்த நேரம் பார்த்துத்தான் ஜேக் வந்து சேர்ந்தான்.

ஜேக் இங்கிலாந்துக்காரன். இருபத்தொரு வயது. ரக்பி ஆடுவதுதான் அவன் உத்தியோகம். கிளப்பில் சம்பளமே கொடுக்கிறார்களாம். முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு ஓய்வுக்கு வந்தவனை, சாக்லேட் கடையில் பார்த்த எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர், விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் பிடித்துவிட்டார்.

"அவர் பேசுறத நீங்கதான் தமிழ்ல சொல்லணும், டீச்சர். பேரன்ட்ஸ் எல்லாருக்கும் புரியணும். ஒரு வார்த்தைகூட விடக் கூடாது" என்றார். திரும்பிப் போகிற போக்கில், "அடுத்த வாரம்தான் பெர்மனன்ட் லிஸ்ட் போடுறோம்" என்றார்.

ரக்பி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்து முட்டை மாதிரி இருக்கும் என்பது மட்டும். (ஜேக்கிடமே முன்கூட்டிக் கேட்டிருக்கலாம். ஆனால் இங்கிலீஷ் டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிட்டால்?)

விழா அன்று நல்ல பனிமூட்டம். பெற்றோர் எல்லாரும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் என் கணவர், மடியில் எங்கள் மூன்று வயது மகள்.

ஜேக் மைக்கைப் பிடித்தான். பதினான்கு வயதில் கிளப்பில் சேர்ந்தானாம். அங்கே அவன் 'ஹூக்கர்'.

அந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம், ராத்திரியில் தெருமுனையில் நிற்கும் பெண். அதைக் கன்னியாஸ்திரிகள் முன்னால் சொல்ல முடியாது. நல்லவேளை, ஹூக் என்றால் கொக்கி என்பது ஞாபகம் வந்தது.

"இவர் பதினான்கு வயதிலேயே கொக்கி மாட்டும் வேலையில் சேர்ந்தார்."

"படிக்கிற வயசுல்ல!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அடுத்து, முதல் வருடம் முழுக்க பெஞ்சில் இருந்தானாம். "ஒரு வருடம் இவரைப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்." மறு வருடம் ஏழு 'ட்ரை'. ஏழு விரலைப் பெருமையாகக் காட்டினான். "ஏழு முறை முயற்சி செய்தார்."

கூட்டம் முடிவுக்காகக் காத்திருந்தது. ஜேக் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"ஏழு வாட்டியுமா வெளங்கல?" என்றார், பூண்டுத் தோட்டம் வைத்திருக்கும் வடகவுஞ்சி கிராமத்து அம்மா ஒருவர்.

பிறகு, எதிராளியை முறைதவறி இடித்ததற்காகப் பத்து நிமிடம் 'சின் பின்'. சின் என்றால் பாவம். பின் என்றால் குப்பைத்தொட்டி. ஒரு வார்த்தைகூட விடக் கூடாதே! "இவரைப் பத்து நிமிடம் பாவத் தொட்டியில் போட்டுவிட்டார்கள்." சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

கடைசியில் ஜேக்கின் குரல் இறங்கியது. இன்னும் ஒரு 'கேப்' கிடைக்கவில்லையாம். அதுதான் கனவாம். முழங்கால் மட்டும் சரியாகிவிட்டால் போதுமாம். முழங்காலுக்கும் கேப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தேன். அவன் வெறுந்தலையைப் பார்த்தேன். குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

"இத்தனை பாடுபட்டும், இவர் தலைக்கு ஒரு குல்லாகூட யாரும் கொடுக்கவில்லை. என்றாவது ஒருநாள் ஒரு குல்லா போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் இவருடைய கனவு."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் காதர் பாய் எழுந்தார்.

"என்னங்க டீச்சர் அநியாயம் இது! ஊருக்கே குல்லா விக்கிறவன் நான். என் கண்ணு முன்னால ஒரு புள்ள வெறுந்தலையா நிக்கிறதா? தள்ளுங்க, தள்ளுங்க!"

மேடையேறி, பையிலிருந்து ஊதா நிறக் குரங்குக் குல்லா ஒன்றை உருவி, ஜேக்கின் தலையில் மாட்டிக் கழுத்துவரை இழுத்துவிட்டார். ஆட்டத்தில் நசுங்கி வீங்கிய ஒரு காது மட்டும் உள்ளே போக மறுத்தது. கைதட்டல் ஓயவே இல்லை.

"ஏலே ராசா, இனிமே அந்தக் கொக்கி வேலைக்குப் போவாத. வெரசா நம்ம தோட்டத்துக்கு வா, ஏகப்பட்ட சோலி கெடக்கு!" என்று கத்தினார் வடகவுஞ்சி அம்மா.

சிஸ்டர் ஜேக்குக்காக ஜெபிக்க எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"ஏன் எல்லாரும் அழுகிறார்கள்?" என்று ஜேக் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தான். சொன்னேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்து சிரித்தான். பிறகு விளக்கினான். ஹூக்கர் என்பவன் முன்வரிசைக்கு நடுவில் நின்று பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவன். ட்ரை என்றால் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிப் புள்ளி எடுப்பது. ஏழு என்பது பெரிய சாதனை. சின் பின் என்பது தப்பாட்டம் ஆடியவர் வெளியே உட்காரும் இடம். கேப் என்றால் நாட்டுக்காக ஆடுகிறவருக்குத் தரும் மரியாதைத் தொப்பி.

மூடி மறைத்துவிடலாமா? லிஸ்ட் அடுத்த வாரம். ஆனால் இந்தப் பையன் வாங்கிய ஏழு ட்ரையையும் நான் தோல்வியாக்கி வைத்திருக்கிறேனே! ஜெபம் முடிந்ததும் மைக்கை வாங்கி, ஒரு வார்த்தைகூட விடாமல், எல்லாவற்றையும் திருத்திச் சொன்னேன். ஜெபத்துக்காக எழுந்தவர்கள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தார்கள். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் லிஸ்டில் என் பெயர் இருந்தது. "தப்ப ஒத்துக்கிற டீச்சர் பிள்ளைங்களுக்கு வேணும்" என்றார் சிஸ்டர். நிரந்தரம்தான். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு, கணக்கு.

போன வருடம் ஜேக் ஒரு படம் அனுப்பினான். இங்கிலாந்து அணி உடையில், ஒரு கையில் குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி. மறு கையில் அந்த ஊதாக் குல்லா. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: 'என் இரண்டாவது கேப்.' படம் இப்போது காதர் பாய் கடையின் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது.

மகளுக்கு இப்போது ஏழு வயது. உங்கள் அம்மா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும், அப்பா சொல்லிக்கொடுத்தபடி, கொஞ்சமும் சிரிக்காமல் பதில் சொல்கிறாள்:

"எங்கம்மா வெள்ளைக்காரருக்கே குல்லா போட்டவங்க."